படித்துப் பேசியவனும் கேட்டு எழுதியவனும்: ‘மெகாமைண்ட்’ படத்தில் வில்லனின் நாக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். காட்சிகளைத் திரையில் ஓட்டிக் காட்டிப் பேசிய பகுதிகள் சுருக்கப்பட்டுள்ளன.)



அழைப்பிதழ் கைக்குக் கிடைத்ததும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “காப்பியத்தில் எதிர்த்தலைவன் என்றுதானே தலைப்புக் கொடுத்தீர்கள், நடுவில் கார்ட்டூன் எப்படி நுழைந்தது?” என்றார். நுழைத்தது என் பேத்தி. ஒரே கோடை விடுமுறையில் அந்தப் படத்தை ஏழு முறை போட்டுப் பார்த்தாள். முதல் மூன்று முறை நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து காதை மட்டும் கொடுத்தேன். நான்காம் முறை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். காதால் மட்டும் கேட்டதும் நல்லதாயிற்று. இன்று நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் படத்தின் ஒலியைப் பற்றித்தான்.

படத்தின் பெயர் ‘மெகாமைண்ட்’. ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தின் அசைவூட்டப் படம். இயக்கியவர் டாம் மெக்ராத். எழுதியவர்கள் ஆலன் ஸ்கூல்கிராஃப்ட், பிரெண்ட் சைமன்ஸ். அமெரிக்காவில் 2010 நவம்பர் 5 அன்று வெளியானது. பெரிய நீலத் தலையுடைய வில்லன் மெகாமைண்டுக்கு வில் ஃபெரல் குரல் கொடுத்தார். அவனை ஓயாமல் சிறைக்கு அனுப்பும் மாவீரன் மெட்ரோ மேனுக்குப் பிராட் பிட், செய்தியாளர் ராக்ஸேனுக்கு டினா ஃபே, அவளுடைய கேமராக்காரன் ஹாலுக்கு ஜோனா ஹில். அதே ஆண்டு ஜூலையில் வில்லனை நடுவில் வைத்த இன்னொரு படமான ‘டெஸ்பிகபிள் மீ’ வந்துவிட்டது. அது சுமார் 7 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 54 கோடிக்கு மேல் ஈட்டியது. இது சுமார் 13 கோடியில் எடுக்கப்பட்டு 32 கோடியோடு நின்றது. அந்தப் படத்தின் வில்லன் குரூவை மூன்று சிறுமிகளின் பாசம் திருத்துகிறது. குடும்பத்தோடு போய்ப் பார்க்க அது வசதியான கதை. மெகாமைண்டைத் திருத்த யாரும் வரவில்லை. அவனுக்கு வேலை போய்விடுகிறது, அவ்வளவுதான். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

நான் நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்று. கதையை வில்லன் பக்கத்திலிருந்து சொல்வது என்றால் அவனை நல்லவனாகக் காட்டுவது என்று பொதுவாக எண்ணுகிறோம். அது வக்கீல் வேலை. கதைக்காரன் செய்யவேண்டியது இன்னும் கடினமானது. கதையை அவன் நாக்கில் வைக்கவேண்டும். அவன் சொல்லும் சொல், அதை அவன் ஒலிக்கும் விதம், அவனுக்கு மறந்துபோகிற ஆட்கள், இவை அத்தனையும் கதையின் உடம்பாக வேண்டும். ‘மெகாமைண்ட்’ இதைச் செய்கிறது. சில இடங்களில் தெரிந்தும், சில இடங்களில், எனக்கு ஐயம், தெரியாமலும்.

உங்களில் பலருக்குப் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ நினைவுக்கு வந்திருக்கும். 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கிய நூல். அது தீர்ப்பையே மாற்றி எழுதச் சொல்லும் மேல்முறையீடு. தலைவன் யார், பகைவன் யார் என்பதே அதன் வழக்கு. மெகாமைண்ட் அந்த நீதிமன்றத்துக்கே போகவில்லை. ஆமாம், நான் வில்லன்தான் என்கிறான்; அதில் பெருமையும் கொள்கிறான். ஆகவே ஒப்பீட்டை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

1. மொட்டைத் தலை முந்திக்கொண்டது

வில்லன் என்பவன் வீரனுக்குப் பின்னால் வருகிறவன், வீரனுக்கு வேலை கொடுக்கப் படைக்கப்பட்டவன் என்று நினைக்கிறோம். இந்தப் படம் பகடி செய்யும் சூப்பர்மேன் விஷயத்தில் வரலாறு நேர் எதிராக இருக்கிறது. 1933 ஜனவரியில், ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் தாங்களே அச்சிட்ட சிறுபத்திரிகையில் ஒரு கதை வெளியிட்டார்கள். சீகல் எழுத, ஷஸ்டர் படம் வரைந்தார். சூப்பர்மேன் என்ற பெயர் அவர்கள் கையில் முதலில் உருப்பெற்றது அந்தக் கதையில்தான். ஆனால் அந்த சூப்பர்மேன் வில்லன். மொட்டைத் தலை வில்லன்.

அது பெருமந்தக் காலம். இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஏழை ஒருவனை விஞ்ஞானி ஒருவர் ஆசைகாட்டி அழைத்துப்போய் ஒரு மருந்தைச் செலுத்துகிறார். பிறர் மனத்தைப் படிக்கவும் ஆட்டிவைக்கவும் அவனுக்கு ஆற்றல் வருகிறது; உலகத்தையே பிடித்துவிடலாம் என்ற வெறியும் கூட வருகிறது. மருந்தின் வேகம் அடங்கியதும் மீண்டும் ரொட்டி வரிசைக்கே போய்ச் சேர்கிறான். கதை அங்கே முடிகிறது.

நீலச் சட்டையும் சிவப்பு மேலங்கியுமாக நாம் அறிந்த சூப்பர்மேன் அச்சில் வந்தது 1938இல். அவனுக்கு எதிரியாக லூதர் என்ற விஞ்ஞானி 1940இல் வந்தபோது லூதருக்குச் செம்பட்டை முடி இருந்தது. அடுத்த ஆண்டே அது காணாமல் போயிற்று. மொட்டை திரும்ப வந்துவிட்டது. அதற்குக் காரணம் எழுத இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது. 1960இல் வந்த கதையில், லூதரின் ஆய்வுக்கூடத்தில் தீப்பற்றுகிறது. இளம் சூப்பர்மேன் ஊதி அணைக்கிறான். அந்த ஊதலில் பரவிய வேதிப்புகையில் லூதரின் முடி உதிர்ந்துவிடுகிறது. வீரன் காப்பாற்ற வந்து விட்ட மூச்சில்தான் வில்லன் பிறந்தான் என்று ஆகிறது! இதை எழுதியவர்கள் நகைச்சுவைக்காக எழுதவில்லை.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் மெகாமைண்டின் நீல மொட்டைத் தலை புது வேடிக்கை ஆகாது. 1933இல் ரொட்டி வரிசைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவன் எழுபத்தேழு ஆண்டு கழித்து, என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள் என்று வந்து நிற்கிறான்.

2. கலம் விழுந்த இடம்

படம் தொடங்கும்போது மெகாமைண்ட் வானத்திலிருந்து தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறான். விழுந்தபடியே கதை சொல்கிறான். பிறந்து எட்டாம் நாள் அவன் கோளைக் கருந்துளை விழுங்குகிறது. பெற்றோர் அவனைக் கலத்தில் வைத்து அனுப்புகிறார்கள். நீ பிறந்ததே இதற்காக என்று தந்தை ஏதோ சொல்லத் தொடங்குகிறார். சொல்லி முடிப்பதற்குள் கலத்தின் கதவு மூடிக்கொள்கிறது. எதற்காகப் பிறந்தான் என்ற அந்த ஒரு சொல் அவன் காதில் விழவில்லை.

பக்கத்துக் கோளிலிருந்து இன்னொரு கலம். அதிலிருக்கும் குழந்தைதான் பிற்காலத்து மெட்ரோ மேன். மெகாமைண்டின் கலம் செல்வர் மாளிகை ஒன்றை நோக்கித்தான் போகிறது. கடைசி நொடியில் மற்றது முட்டித்தள்ளிவிட்டு அந்த மாளிகைக்குள் கிறிஸ்துமஸ் மரத்தடியில் போய் இறங்குகிறது. இவனுடையது தெறித்துப்போய்ச் சிறைச்சாலை முற்றத்தில் விழுகிறது. கைதிகள் எடுத்து வளர்க்கிறார்கள், பாசமாகவே வளர்க்கிறார்கள்.

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்வதுதான்: சூழல் மனிதனை வளைக்கும். படம் அந்த இடத்தில் நிற்காமல் அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறது. அங்கே மற்றச் சிறுவன் கண்ணொளியால் சோளம் பொரித்துக் கொடுத்துக் கைதட்டு வாங்குகிறான். இவனும் தன் கைக்கருவியால் பொரிக்க முயன்று வகுப்பறையைக் கெடுக்கிறான். விளையாட்டில் ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறான். ஒருநாள் சுவரைப் பார்த்து மூலையில் நிற்கவைக்கிறார்கள். அங்கே நின்றபடி அவன் ஒரு முடிவுக்கு வருகிறான்: கெட்டவனாக இருப்பது ஒன்றுதான் எனக்கு வருகிறது என்றால், அதில் முதல் மாணவனாக வருகிறேன். தந்தை முடிக்காமல் விட்ட வாக்கியத்தை அந்த மூலையில் அவனே முடித்துக்கொள்கிறான். இங்கே கெடுமதி என்று எதுவும் இல்லை. நன்றாகப் படிக்கிற பையனுக்குத் தவறான பாடம் கிடைத்த கதை.

3. நாக்கு

இப்போது பொழிவின் நடுவுக்கு வருகிறேன். நகரத்தின் பெயர் மெட்ரோ சிட்டி. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மெகாமைண்ட் மட்டும் இரண்டு சொல்லையும் சேர்த்து, அழுத்தத்தை இடம் மாற்றி, ‘மெட்ராசிட்டி’ என்கிறான். ஆங்கிலத்தில் கொடுமையைக் குறிக்கும் ‘அட்ராசிட்டி’யோடு அது எதுகை பாடுகிறது. அந்தச் சொல்லைச் சேட்டைக்குப் பெயராக்கி நாமே வைத்திருப்பதால், இந்த அவையில் விளக்கம் தேவைப்படாது. ஊரைக் கைப்பற்ற வந்தவனுக்கு ஊர்ப் பெயரே வாயில் வரவில்லை என்பது முதல் சிரிப்பு.

அவன் ‘ஸ்கூல்’ என்பதை ‘ஷூல்’ என்கிறான். தொலைபேசியை எடுத்தால் ‘ஒலோ’. சிலந்தியின் ஆங்கிலப் பெயரையும் இப்படி இழுத்து முறிக்கிறான். ஏன்? படம் காரணம் சொல்லவில்லை. நான் ஊகிக்கிறேன்: இவன் சொற்களைப் பார்த்துக் கற்றவன், கேட்டுக் கற்றவன் அல்லன். ஆயுள் கைதிகளுக்கு நடுவே வளரும் பிள்ளையின் காதில் பள்ளிக்கூடம் என்ற சொல் எத்தனை முறை விழுந்திருக்கும்? எழுத்தைப் பார்த்து, ஒலியைத் தானே கட்டிக்கொண்டான். (‘ஒலோ’ இந்த விதிக்குள் அடங்காது. விதியை வளைக்காமல் விட்டுவிடுகிறேன்.)

இதை எங்கே கண்டுகொண்டேன் என்றால், என்னிடத்தில். நான் ஆங்கிலத்தை நூலகத்தில் கற்றவன். வீட்டிலோ தெருவிலோ அந்த மொழி பேச ஆள் இல்லை. என் இருபத்திரண்டாம் வயதில் ஒரு நேர்முகத் தேர்வு. தீவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, அதிலுள்ள எழுத்தையெல்லாம் மதித்து, ‘இஸ்லாண்ட்’ என்று சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த மூவரில் ஒருவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “இன்னொரு தரம் சொல்லுங்கள்” என்றார். எனக்குப் புரியவில்லை. இன்னொரு தரமும் சொன்னேன். அன்று அந்த அறையில் கேட்ட சிரிப்புக்கும், படத்தில் ‘மெட்ராசிட்டி’ வரும்போது அரங்கில் கேட்கும் சிரிப்புக்கும் உறவு உண்டு. ஒரு வேறுபாடும் உண்டு: படத்தில் நாம் அவன் கூடவே விழுந்துகொண்டிருப்பதால், அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம்.

இதற்கு எதிர்முனையில் ஹால் இருக்கிறான். மெட்ரோ மேனை வென்ற பிறகு சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கும் மெகாமைண்ட், மெட்ரோ மேனின் மேலங்கியில் ஒட்டியிருந்த பொடுகிலிருந்து அவன் ஆற்றலின் சாரத்தைப் பிரித்தெடுக்கிறான். அதைச் செலுத்திப் புது வீரன் ஒருவனை உண்டாக்கத் திட்டம். துப்பாக்கி தவறி வெடித்து அந்த மருந்து ஹாலின் மேல் பாய்கிறது. அவனுக்குப் பயிற்சி தர மெகாமைண்ட் வெள்ளைமுடி வேடத்தில் ‘விண்வெளித் தந்தை’யாக வருகிறான். 1978இல் வந்த சூப்பர்மேன் படத்தில் தந்தையாக வந்த மார்லன் பிராண்டோவை உரித்து வைத்த கேலி அது. அவன்தான் புது வீரனுக்கு ‘டைட்டன்’ என்று கிரேக்கத் தொன்மத்துப் பேருருவின் பெயரை வாயால் சொல்லித் தருகிறான். ஹால் காதால் கேட்கிறான். பிறகு நகரத்தைப் பிடித்துத் தன் பெயரைக் கண்ணொளியால் அதன் மேல் எரித்து எழுதும்போது, இறுக்கு என்று பொருள்படும் வேறொரு ஆங்கில வினைச்சொல்லை எழுதுகிறான். ஒலி ஒன்றுதான், எழுத்து வேறு. ‘அறம்’ என்று சொல்லக் கேட்டவன் ஊர் முழுக்க ‘அரம்’ என்று எழுதிவைத்த மாதிரி. படத்தின் பெயர்ப்பட்டியலிலும் அந்தத் தப்பு எழுத்துத்தான் இருக்கிறது.

ஆக ஒருவன் படித்துப் பேசுகிறான், தப்பாகப் பேசுகிறான். மற்றவன் கேட்டு எழுதுகிறான், தப்பாக எழுதுகிறான். இரண்டும் ஒரே வகைப் பிழையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெகாமைண்டின் பிழையில் உழைப்பு இருக்கிறது. யாரும் சொல்லித் தராததைத் தானே கட்டிக்கொண்டவனின் தடம் அது. ஹாலின் பிழையில் அலட்சியம் மட்டுமே. அவனுக்குப் பெயரும் ஆற்றலும் சும்மா கிடைத்தன. சும்மா கிடைத்ததை அவன் திருப்பிப் பார்ப்பதில்லை. ராக்ஸேனும் அப்படியே தனக்குக் கிடைக்கவேண்டியவள் என்று நம்புகிறான். அவள் மறுத்ததும், வீரனுக்குரிய வலிமையோடு கொள்ளையடிக்கப் போகிறான்.

உச்சக்கட்டம் இந்த இரண்டு பிழைகளையும் மோதவிடுகிறது. மெகாமைண்ட் உருமாற்றக் கைக்கடிகாரத்தின் துணையால் மெட்ரோ மேனாக வந்து நிற்கிறான். ஹால் நம்பி நடுங்குகிறான். அந்த நேரத்தில் மெகாமைண்ட் ஊர்ப் பெயரைச் சொல்லவேண்டி வருகிறது. ‘மெட்ராசிட்டி’. முகம், தோள், குரல் எல்லாம் மாறியிருந்தும் நாக்கு காட்டிக்கொடுக்கிறது. அந்த ஊரை அப்படிச் சொல்கிறவன் உலகத்தில் ஒருவன்தான் என்று பிடிப்பவன் யார்? தன் பெயரையே தப்பாக எழுதிய ஹால். வேடம் கலைந்து, வானத்தில் வீசி எறியப்பட்டு, படம் தொடங்கிய அந்த வீழ்ச்சிக்கு மெகாமைண்ட் வந்துசேர்வது இந்த உச்சரிப்பால்தான். திரைக்கதை எழுதிய இருவர் முதல் காட்சியில் விதைத்த ஒரு கிறுக்குத்தனம் கடைசியில் கதையின் அச்சாணியாகிறது. காப்பியத்தில் இதைக் கண்டால் நாம் அணி என்று பெயர் வைத்திருப்போம்.

4. ஆள் வராத சண்டை

சுருக்கமாக. படத்தின் முதல் கால்பகுதி முடிவதற்குள் வில்லன் வென்றுவிடுகிறான். செம்பு வேய்ந்த வானாய்வு மாடத்துக்குள் மெட்ரோ மேனை இழுத்து, சூரிய ஒளியைக் குவித்துச் சுட, எலும்புக்கூடு ஒன்று வந்து விழுகிறது. நகரம் கைக்கு வருகிறது. ஓவியம், பணம், ஆட்சி எல்லாம் வந்தபின் அவன் நாற்காலியில் சாய்ந்து சலித்துப்போகிறான். ஒபாமாவின் 2008 தேர்தல் சுவரொட்டியைத் திருப்பிப்போட்டு, உங்களால் முடியாது என்ற பொருளில் தன் முகத்தோடு ஊரெங்கும் ஒட்டிவைக்கிறான். அதைப் படித்துக் கோபப்படக்கூட யாரும் இல்லை.

மெட்ரோ மேன் சாகவில்லை என்று பின்னால் தெரிகிறது. வீரனாக இருந்து அலுத்துப்போனான். எலும்புக்கூடு மருத்துவக் கல்லூரியிலிருந்து எடுத்து வந்தது. சிறுவயதுப் பள்ளிக்கூடத்தில் ஒளிந்துகொண்டு பாட்டுக்காரனாகும் முயற்சியில் இருக்கிறான், கேட்கச் சகிக்காத பாட்டு. எனக்கு இதுதான் படத்தின் துணிச்சல் மிக்க இடம். வேடம் வில்லனுக்கு மட்டுமில்லை, வீரனுக்கும் யாரோ மாட்டிவிட்டதுதான் என்கிறது. ஒருவன் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான், போகும் வசதி அவனுக்கு இருந்தது. மற்றவனுக்கு அந்த வசதி இல்லாததால், காலியாகக் கிடந்த வீரன் வேடத்தையும் அவனே எடுத்து மாட்டிக்கொள்கிறான்.

5. சட்டைப்பையில் பெர்னார்ட்

புகழ்ந்தது போதும். வில்லன் நாக்கில் கதை நடப்பதால் ஒரு விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் பெர்னார்ட் என்று ஒருவர் வருகிறார். மெகாமைண்டிடம் ஆட்களின் ஈரத்தை உறிஞ்சிச் சிறு நீலக் கட்டியாக்கும் துப்பாக்கி உண்டு; தண்ணீர் பட்டால் மீண்டும் ஆளாகிவிடுவார்கள். பெர்னார்டைக் கட்டியாக்கி எடுத்துக்கொண்டு, அவர் உருவத்தைத் தான் பூண்டு, ராக்ஸேனோடு பழகுகிறான். காதல் வளர்கிறது, மனம் மாறுகிறது, ஊர் காப்பாற்றப்படுகிறது, கொண்டாட்டமும் நடக்கிறது. இத்தனைக்கும் பெர்னார்ட் கட்டியாகவே இருக்கிறார். பெயர்ப்பட்டியல் ஓடும்போது, மெகாமைண்டின் துணையான பேசும் மீன் துணி துவைக்கிறது. அப்போதுதான் துணியோடு சேர்ந்து அவரும் நனைந்து ஆளாகி எழுகிறார். குழந்தைகள் உருண்டு சிரிக்கும் இடம். என் பேத்தியும் சிரித்தாள், ஏழாம் முறை மட்டும், “தாத்தா, இவரை எல்லாரும் மறந்துட்டாங்களா?” என்றாள்.

மறந்துவிட்டார்கள். கதை சொல்கிறவன் மறந்தால் கேட்கிற நாமும் மறக்கிறோம். ராக்ஸேனின் கோபமும் அப்படித்தான். தன்னை ஏமாற்றிய ஒருவனை மன்னிக்க ஒரு பெண் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் படம் அவளுக்குத் தரவில்லை. மெகாமைண்டால் கடத்தப்பட்டுக் கடத்தப்பட்டுச் சலித்துப்போய், அடிக்கடி கடத்தப்படுவோருக்குச் சலுகை அட்டை உண்டா என்ற தோரணையில் கிண்டலடிக்கும் அளவுக்குத் தைரியம் உள்ளவள் அவள். அவள் வாயால் இதே கதையைக் கேட்டால் அது நகைச்சுவையாக இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

பொழிவு முடிந்தபின் கேள்வி நேரம். முதுகலை மாணவி ஒருவர் எழுந்து, இந்தப் படத்தைத் தமிழில் பேசவைத்தால் அவனுடைய உச்சரிப்பை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டார். நல்ல கேள்வி. ‘மெட்ராசிட்டி’ சிக்கல் இல்லை, அப்படியே வைத்துக்கொள்ளலாம். பள்ளியைப் ‘பல்லி’ என்று சொல்லவைத்தால் சிரிப்பு வரும், ஆனால் பொருந்தாது. எழுத்தைப் பார்த்துத் தமிழ் கற்றவன் அந்தத் தப்பைச் செய்யமாட்டான். தமிழில் புத்தகத்தால் மட்டும் கற்றவனைக் காட்டிக்கொடுப்பது வேறு. அவன் தப்பாகப் பேசமாட்டான். ரொம்பச் சரியாகப் பேசுவான். சிறைக்குள் எல்லோரும் ‘வர்றான், போறான்’ என்று பேசிக்கொண்டிருக்க, இவன் ஒருவன் மட்டும் ‘நான் பள்ளிக்குச் சென்று வருகிறேன், ஐயன்மீர்’ என்பான். உருவத்தை மாற்றிக்கொண்டாலும் அந்த வினைமுற்று அவனைப் பிடித்துக் கொடுத்துவிடும் என்று சொன்னேன்.

மாணவி உட்காரவில்லை. “அப்போ அவர் படம் முழுக்க நீங்க இப்போ பேசின மாதிரியேதான் பேசுவாரா ஐயா?” என்றார்.

அவை சிரித்தது. முன்வரிசையில் அவைத்தலைவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.